கன்னி மூலைப் பல்லி

ஐப்பசி 10, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஆவுடையப்பன் அடுத்த வருடப் பஞ்சாங்கத்துக்கான ஆனி மாதக் கணிதத்தை அனுப்பியிருந்தார். மத்தியானம் வரை அடித்தேன்.

இந்தப் பஞ்சாங்கத்தைக் கணிப்பவர் ஒரு சாஸ்திரிகள். அச்சடிப்பவர் ஆவுடையப்பன். நடுவில் வீட்டிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் அடித்துப் பக்கம் கட்டிக் கொடுப்பவள் நான். ராகு காலம், எமகண்டம், பல்லி சொல்லுக்குப் பலன் எல்லாம் என் விரல் வழியாகத்தான் தென்காசிச் சனங்களிடம் போய்ச் சேருகின்றன. நான் ராகு காலம் பார்த்துத்தான் காய்கறி வாங்கக் கிளம்புவேன். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது பேச்சை எடுத்தேன். போன வாரம் என் வீட்டுக்காரருக்கு ஆஞ்சியோ எடுத்தார்கள். மூன்று அடைப்பு. இந்த மாதத்துக்குள் பைபாஸ் பண்ணிவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் அந்த ஆஸ்பத்திரிப் பைலைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, அதன்மேல் குடையையும் மாட்டிவிட்டார். அதோடு சரி.

“பூரணி லீவு போட்டுட்டு வாரேங்கா. அவகிட்ட என்ன சொல்ல?” என்றேன். பூரணி எங்கள் மகள், ஓசூரில் இருக்கிறாள்.

“கத்தி வச்சவன் எவன்ட்டி நல்லா இருக்கான்? மாத்திரையிலயே ஓட்டிரலாம்.”

அந்த நேரம் பார்த்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். கன்னி மூலைப் பக்கமிருந்து, தென்மேற்கிலிருந்து வந்தது. அங்கேதான் என் மேசை. அதற்கு மேலே சுவரில் காலண்டர்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஈசிசேர் கையில் விரல் நுனியால் மூன்று தட்டுத் தட்டினார். “கேட்டியா உலகு? பல்லி சொல்லிட்டு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கரண்டு ஆபீசில் போர்மேனாக இருந்த மனுஷர். இடி இடிக்கும்போது கம்பத்தில் ஏறியவர். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

இவர் குளிக்கப் போன சமயம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பல்லியைத் தேடினேன். அடிக்க இல்லை, விரட்டத்தான். காலண்டருக்குப் பின்னால், டியூப்லைட் பட்டிக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் எல்லாம் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் டிக் டிக் டிக். சத்தம் என் தலைக்கு மேலே, மேசைமேல் இருந்து வந்தது. மேசையில் லேப்டாப்பைத் தவிர ஒன்றும் கிடையாது.

பூரணி போன் பண்ணினாள். அப்பா என்ன சொல்கிறார் என்றாள். யோசிக்கிறார் என்றேன்.

ஐப்பசி 12, புதன்

பழைய லேப்டாப். பேட்டரி செத்து நாளாயிற்று, கரண்டில்தான் ஓடும். ஆனாலும் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

முதலில் காற்றாடியைச் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் இருக்கிற ஓட்டையில் சைக்கிள் பம்பை வைத்து அடித்தேன். தும்மல் வந்ததுதான் மிச்சம். அப்புறம் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். தீபாவளி முறுக்குத் துணுக்கு கொட்டியது, கூடவே நாலைந்து எறும்பு. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்து ஆன் பண்ணினேன். டிக் டிக் டிக்.

சார்ஜரை மாற்றுப் பிளக்கில் சொருகினேன். மவுசைக் கழற்றினேன். ஸ்பீக்கர் சத்தத்தை அறவே குறைத்தேன். மேசை ஆடுகிறதோ என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் காதை வைத்துப் படுத்துக் கேட்டேன். எழுத்துப் பலகைக்குக் கீழே, வலது மணிக்கட்டை ஊன்றுகிற இடத்துக்கு உள்ளேயிருந்து வருகிறது. எதையோ தேடி, கிடைக்காமல், மறுபடியும் முதலிலிருந்து தேடுகிற மாதிரியான சத்தம்.

“கம்ப்யூட்டர் மேல தல வச்சு ஒறங்குதியா?” என்று கேட்டுக்கொண்டே இவர் உள்ளே வந்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றேன். சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம், அரைகுறையாகச் சொன்னால் என்னைத்தான் கேலி பண்ணுவார்.

ஐப்பசி 13, வியாழன்

இன்றும் இரண்டு தடவை சத்தம் வந்தது. இரண்டு தடவையும் இவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் தட்டினார்.

ஐப்பசி 14, வெள்ளி

லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெனிட்டா கடைக்குப் போனேன். கூலக்கடை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண். பேச்சில் வேகம், கையில் நிதானம்.

ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “ஹார்ட் டிஸ்க் போகப்போவுது ஆன்ட்டி. உள்ள ஒரு தகடு சுத்தும், அதுல ஒரு முள்ளு படிச்சிக்கிட்டே போவும். அந்த முள்ளுக்கு எடம் கெடைக்க மாட்டேங்கு. அதான் முட்டி முட்டித் திரும்புது.”

“எப்பமெல்லாம் சத்தம் வரும்?”

“பெரிய பைலைத் தொறந்தா கண்டிப்பா வரும். மத்தபடி அது இஷ்டம்.”

என் பெரிய பைல் பஞ்சாங்கம்தான். சித்திரையிலிருந்து பங்குனி வரை ஒரே பைலாக வைத்திருக்கிறேன்.

புது டிஸ்க் திருநெல்வேலியிலிருந்து நாளை வந்துவிடும் என்றாள். அதில் சுற்றுகிற சாமானே கிடையாதாம், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதாம். “அது வரைக்கும் ஆன் பண்ணாதீங்க ஆன்ட்டி. இப்ப நிறுத்திட்டா உள்ள இருக்கது பூரா எடுத்துத் தந்துருவேன். ஓட்டுனீங்கன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சொரண்டிரும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

வரும்போது வழியெல்லாம் எப்படிச் சொல்லிக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உங்கள் பல்லிக்கு வாலும் இல்லை, நாக்கும் இல்லை, அது சொன்னதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

இவர் ஈசிசேரில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடித்தபடியே கிடந்தது.

“இன்னைக்குப் பல்லிச் சத்தத்தையே காணோம்ட்டி” என்றார்.

“அதுக்கென்ன இப்ப?”

“கேக்கலாம்னு நெனச்சேன். ஆபரேஷனுக்குப் போலாமான்னு.”

போலாமா. இத்தனை நாளில் அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

லேப்டாப்பை மேசையில் வைத்து ஆன் பண்ணினேன். வேலை கிடக்கிறது, புரட்டாசி மாதம் அடித்தாக வேண்டும்.

ஐப்பசி 15, சனி

பெனிட்டா போன் பண்ணினாள், டிஸ்க் வந்துவிட்டதாம். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன்.

“அடுத்த வாரமா? அது வரைக்கும் ஆன் பண்ணாம இருப்பீங்களா?”

“கொஞ்சம் வேலை இருக்கு.”

“ஆன்ட்டி, முக்கியமானத மட்டுமாவது பென்டிரைவுல போட்டு வைங்க.”

பைலை மாதம் மாதமாக வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஆவணி வரை ஏறியது. அதற்குமேல் விடாமல் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது, பயந்து நிறுத்திவிட்டேன். பயம் என்றால் டிஸ்க் போய்விடுமே என்று.

மத்தியானம் இவர் கேட்டார், “ஏட்டி, பல்லி கன்னி மூலையில சொன்னா என்ன பலன்? நீதான அடிக்கிறவ.”

பலன் பக்கத்தைப் பார்த்தேன். கிழமை மேலே, திசை பக்கவாட்டில் போட்ட கட்டம். சனிக்கிழமை, தென்மேற்கு: பந்து ஜன வருகை.

“சொந்தக்காரங்க வருவாங்களாம்.”

“எவன் வாரான்?” என்று சலித்துக்கொண்டார். பலன் இவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கேட்டாரே, அது போதும்.

ஐப்பசி 16, ஞாயிறு

கட்டத்தை முழுவதும் படித்தேன். வருடா வருடம் அடிக்கிறேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை. கன்னி மூலைக்கு எந்தக் கிழமையிலும் உருப்படியான பலன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கில் சொன்னால் நல்ல செய்தி. திங்கள் ஈசானியத்தில் மனக்குறை நீங்கும். புதன் வடக்கில் காரிய சித்தி.

மேசையை மேற்குச் சுவருக்கு இழுத்தேன். கால் தேய்ந்து கர்ரென்று வீடே அதிர்ந்தது.

“என்னட்டி பண்ணுத?”

“அங்கன சாரல் தெறிக்கி. கம்ப்யூட்டர் நனைஞ்சிரும்.”

கன்னி மூலையில் ஜன்னலே கிடையாது. இவர் எழுந்து வந்து வயரைத் தூக்கிப் பிடித்தார். விடுங்கள், கனமான வேலை செய்யக்கூடாது என்று அதட்டினேன். வயரு என்னட்டி கனம் என்றார்.

அப்புறம் பைலைத் திறந்தேன். டிக் டிக் டிக். இவர் தட்டினார். “மேற்கால சொல்லுது. என்ன போட்டிருக்கு?” என்றார். நல்ல செய்தி என்று போட்டிருக்கிறது என்றேன். ம் என்றார்.

ஐப்பசி 17, திங்கள்

மேசை இன்று ஈசானியத்தில், வடகிழக்கு மூலையில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். விளக்கேற்ற வசதியாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

காலையிலிருந்து கரண்டு போய்ப் போய் வந்தது. மத்தியானம் போனது சாயங்காலம்தான் வந்தது. அது வந்து, நான் லேப்டாப்பைப் போட்டுப் பைலைத் திறந்ததும் சத்தம் கேட்டது. இவர் தட்டிவிட்டு, “இந்தப் பல்லிக்குக் கரண்டு போனா வாயும் அடைச்சிருது பாத்தியா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருட்டில் பல்லிக்குப் பூச்சி கிடைக்காது, அதனால் இருக்கும் என்று ஏதோ உளறினேன். “இருக்கும் இருக்கும்” என்றார். நல்லவேளை, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

ஆவுடையப்பன் காலையிலேயே பிடித்துக்கொண்டார். “அம்மா, கார்த்திகை பொறக்கங்குள்ள பாதியாவது மிஷினுக்குப் போகணும். எது வரைக்கும் ஆயிருக்கு?” புரட்டாசி வரை ஆயிருக்கிறது என்றேன். லேப்டாப் சீக்காகக் கிடப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றே கடையில் கொடு என்பார்.

இவர் இந்த வாரமாக என் வேலையில் ரொம்ப அக்கறை காட்டுகிறார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும், “கம்ப்யூட்டர இன்னும் ஆன் பண்ணலியா?” என்று கேட்டார். ஓய்வு பெற்று இத்தனை காலத்தில் என் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

ஐப்பசி 19, புதன்

வடக்குச் சுவரில் பிளக் இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தேடி எடுத்து, சமையலறையிலிருந்து வயர் இழுத்தேன். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “சொருவுதத நல்லா அமுக்கிச் சொருவு, லூசா இருந்தா பொறி தட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காப்பி குடித்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். “டாக்டர்கிட்ட என்ன சொல்ல?”

“பண்ணிக்கிடலாம்னுதான் தோணுது ஒரு நேரம்” என்றார்.

அந்த நேரம் சரியாகப் பைலைத் திறந்தேன். டிக் டிக் டிக் டிக். வடக்கிலிருந்து, புதன்கிழமை. இவர் கேட்பதற்கு முன்பே நானே பலனைச் சொல்லிவிட்டேன். காரிய சித்தி.

இவர் தட்டினார். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

“பாப்போம்” என்றார்.

அவ்வளவுதான். வடக்குக்கே இவ்வளவுதான் மரியாதை என்றால் நான் என்ன செய்ய? கோபமாக வந்தது. இரவுக்கு உப்புமாதான் கிண்டினேன், இவருக்கு உப்புமா ஆகாது.

ஐப்பசி 20, வியாழன்

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. நான் எழுந்திருப்பதற்குள் இவர் துணி எடுக்க மாடிக்கு ஏறிவிட்டார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து வைத்தேன். முதல் மாத்திரை கீழே விழுந்துவிட்டது, இன்னொன்று எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

துணியெல்லாம் நனைந்துவிட்டது. மறுபடி அலசிப் போட்டேன்.

ஐப்பசி 21, வெள்ளி

நேற்று நடந்ததை ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னேன். டாக்டரே பேசினார். இனிமேல் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்றார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு ஒரு இடம் இருக்கிறது, நாளை சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

இவரிடம் சொன்னேன். “நாளைக்குத்தான” என்றார்.

சனிக்கிழமைக்குக் கிழக்கு. பயம் நீங்கும் என்று போட்டிருக்கிறது. கிழக்கில் வாசல்.

ஐப்பசி 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானமே மேசையை வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். செருப்பு ஸ்டாண்டை நகர்த்த வேண்டியிருந்தது. இவர் தூங்கி எழுந்து வந்து பார்த்தார். “என்னட்டி, கடை போடப்போறியா?” என்றார். உள்ளே வெளிச்சம் பத்தவில்லை என்றேன்.

சாயங்காலம் விளக்கேற்றினேன். காப்பி கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். பைலைத் திறக்கிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, “ஆஸ்பத்திரியில சொல்லணும், நேரமாவுது. கேளுங்க” என்றேன்.

“இத்தன நாளும் நான்தான கேட்டேன். இன்னைக்கு நீ சொல்லு. அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “ஆபரேஷன் பண்ணிக்கிட்டா எல்லாம் சரியாயிரும்” என்றேன். பட்டனை அமுக்கினேன்.

உள்ளே ஏதோ ஒன்று சுற்றி, தளர்ந்து, அடங்குகிற மாதிரி இருந்தது. திரை அப்படியே நின்றுவிட்டது. டிக் என்று ஒரு சத்தம்கூட இல்லை. மறுபடி அமுக்கினேன். அணைத்து ஆன் பண்ணினேன். கறுப்பாகவே கிடந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இவர் தட்டுவதற்காக விரல்களை ஈசிசேர் கைக்கு மேலே தூக்கி வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

அந்த விரல்களைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“பல்லி சொல்லாட்டாப் போகட்டும். நான் சொல்லுதேன், கேளுங்க” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “முந்தாநேத்து மாத்திரைய எடுக்கும்போது என் கை நடுங்குனது தெரியுமா? ஒண்ணு கீழ விழுந்துட்டு. இன்னொண்ணையும் போட்டுட்டேன்னா என்ன செய்வேன்னு நெனச்சேன். எனக்குப் பயமா இருக்கு. ராவும் பகலும் பயமா இருக்கு. நீங்க மூச்சு விடுதியளான்னு கைய வச்சுப் பாக்கேன். நீங்க போயிட்டா இந்த வீட்டுல நான் யாருகிட்ட சண்ட போட? யாரு எனக்கு வயரு பிடிக்க? எனக்கு நீங்க வேணும். பண்ணிக்கிடுங்க. எனக்காகப் பண்ணிக்கிடுங்க.”

இதையெல்லாம் நான் இவரிடம் சொன்னதே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை, இப்போது புரட்டிப் பார்த்தேன். எறும்பும் முறுக்குத் துணுக்கும்தான் இருக்கின்றன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அப்போது கேட்டது. ச்சு ச்சு ச்சு.

வாசலிலிருந்து இல்லை. மேசையிலிருந்தும் இல்லை. இவர்தான், நாக்கை மேலண்ணத்தில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைப் போட்டார். போட்டுவிட்டு, தூக்கி வைத்திருந்த விரலால் நாற்காலிக் கையில் மூன்று தட்டுத் தட்டினார்.

“பல்லி சொல்லிட்டு. போனப் போடு” என்றார்.

போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“அது பல்லி இல்லன்னு எப்பம் தெரியும் உங்களுக்கு?”

“கரண்டு போன அன்னைக்கே தெரியும்ட்டி.”

“அதுக்கப்புறமும் எதுக்குத் தட்டுனிய?”

“நாளைக்கு எந்தத் தெசைக்குத் தூக்கிட்டுப் போவான்னு பாக்கத்தான்.” சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “எனக்கும் பயந்தாம்ட்டி. பயம்னு யாருகிட்டச் சொல்ல? நீ பாட்டுக்கு ஆனி அடிக்க, ஆடி அடிக்கன்னு இருந்த. ஒனக்குப் பயமில்ல போலன்னு நெனச்சேன். மேசைய இழுக்க ஆரம்பிச்ச பெறவுதான் தெரிஞ்சிது.”

இரவு இவருக்குப் பிடித்த மாதிரி ரசம் வைத்தேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

பூரணி வந்துவிட்டாள். வாசலில் மேசையைப் பார்த்து, வீடு மாற்றுகிறோமா என்று கேட்டாள். இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லவில்லை.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லேப்டாப்பைப் பெனிட்டாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி 24, திங்கள்

ஆஸ்பத்திரி. கட்டில் ஜன்னலோரம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன்.

பெனிட்டா போன் பண்ணினாள். புரட்டாசியும் ஐப்பசியில் கொஞ்சமும் போய்விட்டன, பென்டிரைவில் ஏறியது மட்டும்தான் மிச்சம் என்று திட்டினாள். “நான் அப்பவே சொன்னேன்லா ஆன்ட்டி, ஏன்தான் இப்படிப் பண்ணுனீங்களோ” என்றாள். திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்றேன். ஆவுடையப்பனிடமும் அதையே சொன்னேன். அவர் இரண்டு நிமிடம் புலம்பிவிட்டு, ஐயாவை முதலில் பாருங்கள் அம்மா என்றார்.

ஐப்பசி 25, செவ்வாய்

விடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, “ராகு காலம் எப்ப?” என்று கேட்டார். எனக்கு எல்லா நாளும் மனப்பாடம், ஆனால் சொல்ல வரவில்லை. செவ்வாய்க்கிழமை ராகு காலம் எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூரணிதான் போனில் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானம் தாண்டித்தான் டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, இனி கண் விழிக்க வேண்டும் என்றார். பூரணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. கண் விழிக்கட்டும்.

ஐப்பசி 26, புதன்

காலையில் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். பூரணி என்னைத் தள்ளிவிட்டாள். பச்சை அங்கி மாட்டி, தலைக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள்.

எங்கே பார்த்தாலும் மிஷின். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டது. எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இவர் வாயில் குழாய். கண் மூடியிருந்தது. கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். இவ்வளவு சின்ன ஆளா இவர் என்று நினைத்தேன்.

“மருந்தெல்லாம் கொறைச்சாச்சும்மா. இந்நேரம் முழிச்சிருக்கணும். பேசிப் பாருங்க, காதுல விழும்” என்றாள் நர்ஸ்.

காதோரம் குனிந்தேன். “ஏங்க” என்றேன். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுட்டு. பூரணி வெளிய நிக்கா. வீட்டுக்குப் போவோம்.” ஒரு அசைவும் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். நர்ஸ் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவர் காதில் வாயை வைத்து, நாக்கை மேலே ஒட்டி, ச்சு ச்சு ச்சு என்றேன்.

நர்ஸ் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். “இங்க எப்படிப் பல்லி வந்துச்சு?” என்றாள்.

கட்டியிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்காட்டி விரல் மெதுவாக எழும்பியது. விரிப்பின்மேல் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எழும்பி, விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

மூன்றாவது தட்டையும் தட்டினார்.